வராத சிரிப்பு, நகராத காதல்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே நாவலைப் பற்றியவை. முதற்கடிதம் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுவதால் அதை ஏறத்தாழ முழுமையாகத் தருகிறேன். நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் எல்லாக் கடிதங்களிலிருந்தும் நீக்கியிருக்கிறேன். அது ஒருவருடைய முதல் நாவல் என்பது ஒரு காரணம். நாம் பேசப்போகும் குறை அந்த ஒரு நூலுக்கு மட்டும் உரியதன்று என்பது மற்றொரு காரணம்.

கேள்வி: அம்மா, வணக்கம். பின்னட்டையில் ‘விலா நோகச் சிரிக்க வைக்கும் காதல் கதை’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி, 412 பக்க நாவல் ஒன்றை வாசிக்கத் தொடங்கினேன். நாயகி ஒலிநூல் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவள்; நாயகன் அங்கே புதிதாக வந்து சேரும் குரல் கலைஞன். ஒலிப்பதிவு அறை யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதில் முதல் நாளே இருவருக்கும் சண்டை மூள்கிறது. முதல் அறுபது பக்கங்களை ஒரே மூச்சில் வாசித்தேன். அதன் பிறகு, ‘அவளோடு ஒரே அறையில் இருப்பது பெரும்பாடு’ என்று அவன் தொலைபேசியில் யாரிடமோ சொல்வதை நாயகி அரைகுறையாகக் கேட்டுவிடுகிறாள். அவன் குறிப்பிட்டது தன் அக்காவின் பூனையை என்பது அவளுக்கு 371ஆம் பக்கத்தில்தான் தெரிகிறது. நமக்கோ 70ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. இடைப்பட்ட முந்நூறு பக்கங்களில் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் தோழியிடம் புலம்புகிறாள். அவன் ஜன்னல் வழியே மழையைப் பார்க்கிறான். முடிப்பதற்கு எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து என் பொறுமை கெட்டுவிட்டதா, அல்லது கோளாறு நாவலில்தானா? – ஒரு வாசகி

பதில்: உங்கள் பொறுமையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை; பொறுமை இல்லாதவர் 371ஆம் பக்கத்துப் பூனைவரை வந்திருக்கவே மாட்டார். நானும் அந்த நாவலை வாசித்தேன். இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. ஒன்றுமே நடக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது மட்டும் நாவலுக்குச் சிறிது அநியாயம் செய்கிறது. அந்த முந்நூறு பக்கங்களில் ஒரு பிரிவுபசார விழா நடக்கிறது, இரண்டு நாள் வெளியூர்ப் பயணம் நடக்கிறது, கருவி பழுதாகி ஒரு வாரப் பதிவு முழுவதும் அழிந்துபோகிறது, நிறுவனமே கைமாறப்போவதாக வதந்தி பரவுகிறது. நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வோர் அத்தியாயம் முடியும்போதும், இவள் அவனைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்துகொண்டாள், அவன் இவளைப் பற்றி என்ன தெரிந்துகொண்டான் என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். 8ஆம் அத்தியாயத்திலிருந்து 31ஆம் அத்தியாயம் வரை ஓரங்கள் வெறுமையாகவே கிடந்தன. காதல் கதையில் நகர வேண்டியது, ஒருவர் மனத்தில் மற்றவரைப் பற்றி இருக்கும் மதிப்பீடு. அது அசையாமல் நிற்கும்போது, கதாபாத்திரங்களை எத்தனை ஊர்களுக்கு அழைத்துச் சென்றாலும் வாசகருக்குக் கதை நின்ற இடத்திலேயே நிற்பதாகத்தான் தோன்றும்.

நீங்கள் ஒரே மூச்சில் வாசித்த பகுதியில் வரும் 3ஆம் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து அவன் வாசிக்கிறான். இப்பால் அமர்ந்து மூலத்தோடு ஒப்புநோக்கும் அவள், அவன் ஒரு சொல்லைத் தவறாக உச்சரிக்கும்போதெல்லாம் சரியான வடிவத்தைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுகிறாள். சிறிது நேரத்தில் அவன் வேண்டுமென்றே தவறாக வாசிக்கத் தொடங்குகிறான். அது வேண்டுமென்றே செய்யும் தவறு என்பதை அவள் ஏழாவது சீட்டில் கண்டுகொள்கிறாள். கண்டுகொண்ட பிறகும் எட்டாவது சீட்டை எழுதுகிறாள். அவளைச் சிரிக்க வைக்கும் செயலே அவனுடைய நாட்டத்தையும் அவளுக்குக் காட்டிக்கொடுக்கிறது. காட்சியிலிருந்து நகைச்சுவையை நீக்கினால் காதலும் உடன் போய்விடும். துயரம் என்னவென்றால், அந்தக் கண்ணாடித் தடுப்பு அதற்குப் பிறகு நாவலில் ஒருமுறைகூட வருவதில்லை. அதன்பின் நகைச்சுவையை முழுக்கக் கதைசொல்லி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்: மேலாளரின் வழுக்கையைப் பற்றி, தோழியின் சமையலைப் பற்றி, மின்தூக்கியின் சத்தத்தைப் பற்றி. அவற்றில் சில வரிகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ஆயினும், அவற்றில் ஒன்றைக்கூடக் காதலர் இருவரில் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சொல்வதில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது: ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’. நம் நாவலாசிரியர் முதலாவதான எள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் மூன்றாம் மனிதர்கள் மீதே செலவிட்டுவிட்டார். அவர் கையில் இருந்த பெரும் செல்வம் நான்காவதாகிய மடன். ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று உரையாசிரியர்கள் அதற்கு விளக்கம் தருவார்கள். ஒருமுறை மனத்தில் ஏற்றிக்கொண்டதை எதற்காகவும் கைவிடாத பிடிவாதம் அது. பூனையைப் பற்றிய பேச்சைத் தன்னைப் பற்றியதென்று எண்ணிக்கொண்ட நாயகி, அந்த எண்ணத்தின்படி எதையேனும் செய்திருக்க வேண்டும். தன்னோடு ஒரே அறையில் இருப்பது எளிதுதான் என்று மெய்ப்பிப்பதற்காக, இயல்புக்கு மாறாக நாளெல்லாம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். அதைக் கண்டு அவன் பயந்துபோய், தன் உச்சரிப்பு முற்றிலும் திருந்திவிட்டதாக எண்ணி உள்ளூர வருந்தியிருக்கலாம். உண்மை நமக்குத் தெரிந்து, கதாபாத்திரத்துக்குத் தெரியாத நிலையில், அந்த அறியாமை செயலாக மாறும்போதுதான் சிரிப்பு வருகிறது. நாயகியோ முந்நூறு பக்கங்களுக்குப் பெருமூச்சு மட்டும் விடுகிறாள்.

கேள்வி: ‘மெல்லக் கனியும் காதல்’ என்பதையே தேடித் தேடி வாசிப்பவன் நான். முதல் சந்திப்பிலேயே காதல் பிறந்துவிடும் கதைகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. மெதுவாக நகர்கிறது என்பதையே ஒரு குற்றமாகச் சொல்வது நியாயமா? – ஒரு வாசகர்

பதில்: நியாயமில்லை, நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜேன் ஆஸ்டினின் 1813ஆம் ஆண்டு நாவலான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 61 அத்தியாயங்கள் கொண்டது. டார்சி தன் காதலை முதன்முதலாக எலிசபெத்திடம் சொல்வது 34ஆம் அத்தியாயத்தில். அவள் அவனை ஏற்றுக்கொள்வது 58ஆம் அத்தியாயத்தில். பக்கக் கணக்கில் பார்த்தால் அதுவும் நிதானமான நாவல்தான். அதிலும் நாயகி ஒரு பேச்சை ஒட்டுக்கேட்க நேர்கிறது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. 3ஆம் அத்தியாயத்து நடன விருந்தில், தன்னை மயக்கும் அளவுக்கு அவள் அழகியல்லள் என்று டார்சி நண்பனிடம் சொல்வது எலிசபெத்தின் காதில் விழுகிறது. அவள் உடனே அதைத் தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் கேட்டது தவறாகக் காதில் விழுந்த பேச்சன்று. அவன் உண்மையிலேயே சொன்னது. ஆகவே பின்னால் ஒரு விளக்கம் அளித்து அதைத் துடைத்துவிட முடியாது, அதைச் சொன்ன மனிதன்தான் மாற வேண்டும். 35ஆம் அத்தியாயத்தில் அவன் தரும் கடிதத்தை வாசித்த பின் அவளும் மாற வேண்டியவளாகிறாள். இப்படி இருவர் மாறுவதற்குக் காலம் பிடிக்கும் என்பதை எந்த வாசகரும் ஒப்புக்கொள்வார். ‘நான் சொன்னது பூனையை’ என்று ஒருவன் சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை முந்நூறு பக்கங்களாக இழுக்கும்போதுதான் நமக்கு எரிச்சல் வருகிறது.

எவ்வளவு இழுக்கலாம் என்பதற்குத் திருவள்ளுவர் ஓர் அளவே சொல்லியிருக்கிறார்: ‘உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்’ (1302). ஊடல் உணவுக்கு உப்பைப் போன்றது. அதை வேண்டிய அளவுக்கு மேல் நீளவிடுவது உப்பைச் சிறிது மிகுதியாகப் போட்டுவிட்டதைப் போன்றது. ‘சிறிது’ என்ற சொல்லை நாவலாசிரியர்கள் கவனிக்க வேண்டும் என்பது என் சொந்த வேண்டுகோள்.

கேள்வி: இப்போது வரும் இத்தகைய நாவல்களில் பெரும்பாலானவை ஏன் ஏதேனும் ஓர் அற்பமான தவறான புரிதலைச் சுற்றியே அமைகின்றன? எழுதுபவர்களுக்கு வேறு எதுவும் தோன்றுவதில்லையா? – ஒரு கல்லூரி மாணவி

பதில்: இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கி.மு. 316இல் ஏதென்ஸில் அரங்கேறிய மெனாண்டரின் ‘சிடுமூஞ்சி’ நாடகத்தில், காதலனுக்கும் பெண்ணுக்கும் நடுவே நிற்பவர் மனிதர் எவரையும் அண்டவிடாத அவளுடைய தந்தை. அந்த நாடகம் தொடங்கி மிக நீண்ட காலத்துக்கு, தடை வெளியிலிருந்து வந்தது: தந்தை, சொத்து, சட்டம், பகை, தூரம். தடையாக நிற்பவரை ஏமாற்றுவதற்குத் தந்திரம் வேண்டும். தந்திரம் செய்தால் சிக்கல் வரும். சிக்கலிலிருந்து சிரிப்பு வரும். கதையை நகர்த்தும் பொறுப்பில் பாதியைத் தடையே சுமந்துகொண்டது.

இன்றைய காதல் நகைச்சுவை நாவலில் வரும் இருவரோ, பெரும்பாலும், தனியாகச் சம்பாதிப்பவர்கள், தனியாக வாழ்பவர்கள், யாருடைய அனுமதியும் தேவைப்படாதவர்கள், ஒருவரோடொருவர் எந்த நேரத்திலும் பேசக்கூடிய கருவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர்கள். அவர்களை இரண்டாம் அத்தியாயத்திலேயே சேரவிடாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு விடை காண்பதில்தான் எழுதுபவர் திணறுகிறார். நேர்மையான விடை அவர்கள் மனத்துக்குள் இருக்கிறது: தன்னை ஒருவருக்குக் காட்டிக்கொள்ளும் அச்சம், பழைய காயம், தன் வேலையின் மேல் உள்ள வெறி, தோற்றுவிடக் கூடாதென்ற வீம்பு. இவற்றை எழுதுவதற்கு முதலில் கதாபாத்திரத்தை ஆழ்ந்து அறிந்திருக்க வேண்டும். தவறான புரிதலுக்கு அது தேவையில்லை. யாருடைய காதிலும் எதையும் பாதியாக விழவைத்துவிடலாம். அதனால்தான் அது மலிவாகக் கிடைக்கிறது.

ஒட்டுக்கேட்பதே மட்டமான உத்தி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1600ஆம் ஆண்டில் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபவுட் நத்திங்’ நாடகத்தில், எந்நேரமும் சொற்போர் நிகழ்த்திக்கொண்டிருக்கும் பெனடிக்கும் பியாட்ரிஸும் தனித்தனியே மறைந்து நின்று கேட்கும்படி, ‘மற்றவர் உன்மேல் உயிராக இருக்கிறார்’ என்று நண்பர்கள் வேண்டுமென்றே பேசுகிறார்கள். இருவரும் அந்தப் பொய்யை நம்பி மெய்யாகவே காதலிக்கத் தொடங்குகிறார்கள். அங்கே காதில் விழும் பேச்சு கதையைத் தொடங்கிவைக்கிறது. நம் நாவலில் அது கதையை நிறுத்திவைக்கிறது.

கேள்வி: அந்த நாவலை நான் ஒலிநூலாகக் கேட்டேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அச்சு நூலை வாங்கி அதே இடங்களை வாசித்தபோது சிரிப்பே வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று? – ஒரு வாசகர்

பதில்: உங்களைச் சிரிக்க வைத்தவர் வாசித்த கலைஞராக இருக்கலாம். எந்தச் சொல்லுக்கு முன் ஒரு கணம் நிறுத்த வேண்டும், எந்த வாக்கியத்தை உணர்ச்சியே இல்லாமல் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் தேர்ந்த குரல் தானே முடிவுசெய்துகொள்கிறது. அச்சில் அந்த நிறுத்தத்தை வாக்கியமே உருவாக்க வேண்டும். சிரிப்பை உண்டாக்கும் சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து விழ வேண்டும். இந்த நாவலாசிரியருக்கு அந்தச் சொல்லுக்குப் பின்னும் மூன்று சொற்களைச் சேர்த்து, வேடிக்கை எங்கே இருந்தது என்று விளக்கும் வழக்கம் இருக்கிறது. குரல் கலைஞர் அந்த மூன்று சொற்களை விரைந்து கடந்துவிட்டார் போலும். தவிர, நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ கேட்பவருக்கு நடுவில் பத்து நிமிடம் கவனம் விலகினாலும் இந்தக் கதையில் எதுவும் தவறிப்போவதில்லை. அது ஒலிநூலுக்கு வசதி என்றும் சொல்லலாம்.

கேள்வி: தமிழில் காதலையும் சிரிப்பையும் ஒன்றாகத் தருவதற்கு மரபு இல்லாததால்தான் இத்தகைய நாவல்கள் தடுமாறுகின்றன என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். ஒப்புக்கொள்கிறீர்களா? – ஒரு வாசகி

பதில்: உங்கள் நண்பரிடம் திருக்குறளின் 132ஆம் அதிகாரமாகிய ‘புலவி நுணுக்கம்’ பகுதியைத் தாருங்கள். ஊடியிருக்கும் தலைவி பேச மறுக்கிறாள். தும்மினால் தன்னை ‘நீடு வாழ்க’ என்று வாழ்த்தியாக வேண்டும், வாழ்த்தினால் மௌனம் கலைந்துவிடும் என்று அறிந்து தலைவன் தும்முகிறான் (1312). ஐந்து குறள்களுக்குப் பின், அவன் தும்ம, அவள் வாழ்த்திவிட்டு, உடனே அந்த வாழ்த்தை அழித்துவிட்டு, ‘யார் உம்மை நினைத்ததால் தும்மினீர்?’ என்று அழுகிறாள் (1317). சரி, வம்பே வேண்டாமென்று அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். ‘உமக்கு வேண்டியவர்கள் உம்மை நினைப்பதை என்னிடமிருந்து மறைக்கிறீரோ?’ என்று அதற்கும் அழுகிறாள் (1318). தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம்! மூன்று குறள்களும் சேர்ந்து ஆறே அடிகள்தாம்; அவற்றுக்குள் தந்திரம், அது தன்னையே திருப்பித் தாக்குவது, தப்பிக்க முயன்று மேலும் சிக்கிக்கொள்வது எல்லாம் வந்துவிடுகின்றன. அவளுடைய சந்தேகத்துக்கு ஆதாரம் ஒரு தும்மல்தான், பூனையைவிடவும் அற்பமானது. ஆனாலும் அவள் பெருமூச்சோடு நின்றுவிடாமல் அவனை நேருக்கு நேராகக் கேட்கிறாள், அவன் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக முயல்கிறான். அதனால்தான் சிரிக்கிறோம். மரபு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

கேள்வி: நானும் ஒரு காதல் நகைச்சுவை நாவல் எழுதியிருக்கிறேன். பிரதியைப் பார்த்த எடிட்டர் ‘நடுப்பகுதி தொய்கிறது, வேகப்படுத்துங்கள்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். எதை வெட்டுவது என்று தெரியவில்லை. – எழுதத் தொடங்கியிருக்கும் ஒருவர்

பதில்: வெட்டத் தொடங்குவதற்கு முன் முதல் பதிலில் சொன்ன பென்சில் வேலையைச் செய்யுங்கள். ஓரம் வெறுமையாக உள்ள அத்தியாயங்கள் அடுத்தடுத்து மூன்று வந்தால் தொய்வு அங்கேதான் இருக்கிறது. அந்த மூன்றிலும் உள்ள நல்ல வரிகளை ஒரே அத்தியாயத்துக்குள் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் முடியும்.

அடுத்து, தோழியிடமோ நண்பனிடமோ நாயகி பேசும் காட்சிகளைத் தனியே எடுத்து வையுங்கள். முந்தைய அத்தியாயத்தில் நாம் கண்ணால் கண்டதையே அவள் மீண்டும் சொல்கிறாள் என்றால் அந்தக் காட்சிக்கு வேலையில்லை. ஆனால் நடந்ததை அவள் மாற்றிச் சொல்கிறாள், தன்னை உயர்த்திச் சொல்கிறாள், ஒன்றை மறைக்கிறாள் என்றால் அதைத் தொடாதீர்கள். அங்கே அவளுக்கே தெரியாமல் அவளுடைய மனம் வெளிப்படுகிறது, சிரிப்பும் அங்கேயே கிடைக்கும். காதலர் இருவரும் ஒரே இடத்தில் இல்லாத பக்கங்கள் மொத்தம் எத்தனை என்றும் கணக்கிட்டுப் பாருங்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் நாவலில் அது பாதிக்கு மேல். சேராதவர்களின் கதையாக இருந்தாலும் அவர்கள் சந்தித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘வேகப்படுத்துங்கள்’ என்ற குறிப்பைப் பார்த்ததும் பலர் காட்சிகளைச் சுருக்கிக் கதைச்சுருக்கமாக மாற்றிவிடுகிறார்கள். ‘அடுத்த மூன்று வாரங்களும் அவர்கள் சண்டையிட்டுக்கொண்டே இருந்தார்கள்’ என்ற வாக்கியம் விரைவாகத்தான் நகர்கிறது. ஆனால் வாசகர் அந்தச் சண்டையைக் கேட்பதற்காகத்தான் நூலையே கையில் எடுத்தார். பயணங்களையும் வானிலையையும் ஒரே வரியில் கடந்துவிடுங்கள். சண்டையை முழுமையாக, ஒரு சொல்லும் விடாமல் எழுதுங்கள்.

கேள்வி: பிடிக்காத நாவலைப் பாதியில் மூடிவைப்பது எழுதியவருக்குச் செய்யும் அவமரியாதையா? – ஒரு வாசகி

பதில்: இல்லை. ஆனால் பாதியில் மூடிவைத்த நூலைப் பற்றி விமர்சனம் எழுதுவதென்றால், எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு குறைகளையும் சொன்ன பிறகு, அதே எழுத்தாளரின் அடுத்த நாவல் வந்தால் வாசிப்பீர்களா? – ஒரு வாசகர்

பதில்: வாசிப்பேன். ஏழாவது சீட்டில் உண்மையைக் கண்டுகொண்டு எட்டாவது சீட்டையும் எழுதும் பெண்ணைக் கற்பனை செய்யத் தெரிந்தவர் அவர். அந்த எட்டாவது சீட்டில் அவள் என்ன எழுதினாள் என்பதை அவர் நமக்குச் சொல்லவேயில்லை. இரண்டாம் வாசிப்பில் நான் அதைத்தான் கடைசிப் பக்கம் வரை தேடிக்கொண்டிருந்தேன்.